காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுக்கும் மீன்கார மாமிக்குக் கணக்குத் திறக்க வேண்டும், வழி சொல்லுங்கள்

மணவாளக்குறிச்சிக்காரன் | சனி, இரவு 9.12

எங்கள் தெருவுக்கு இருபது வருடமாக மீன் கொண்டு வரும் மாமி ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு இருக்கும். விடியற்காலை முட்டத்தில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, பஸ் ஏறி வந்து பதினொரு மணிக்குள் விற்றுத் தீர்த்துவிடுவார். நேற்று சாளை வாங்கும்போது பேச்சுவாக்கில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஏலத்துக்குக் கையில் காசு இல்லாததால் கரையிலேயே ஒருவரிடம் தினமும் 900 ரூபாய் வாங்குகிறார். சாயங்காலம் அதை 1,000 ஆகத் திருப்பிக் கொடுக்கிறார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். "உன் அக்கா கல்யாணத்துக்கு முந்தியே" என்றார். அக்கா மகன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான்.

வங்கியில் கணக்கு கிடையாதாம். ஒரு தடவை போனபோது பான் கார்டு வேண்டும், குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எந்தக் கிளை என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. ஆதார் இருக்கிறது. அதில் அப்பா பெயரின் இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் பெயரின் இனிஷியல். கையெழுத்து வராது, கைநாட்டுதான். கையில் இருப்பது பட்டன் போன்.

இவருக்கு எங்கே, எப்படிக் கணக்குத் திறப்பது? திறந்தால் அந்த 100 ரூபாய் நிற்குமா?

ஓய்வுபெற்ற காசாளர் | சனி, இரவு 10.05

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 25 நாள் தொழில் என்றால் வட்டி மட்டும் 2,500 ரூபாய். வருடத்துக்கு 30,000. அத்தனையும் வெறும் 900 ரூபாய் முதலுக்கு! ஒன்பது நாள், நாளைக்கு 100 வீதம் ஒதுக்கிவிட்டால் பத்தாவது நாள் கடனே வேண்டாம்.

இனி கணக்குத் திறக்கும் விஷயம். அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. 2005-ல் 'நோ ஃப்ரில்ஸ்' என்ற பெயரில் வந்தது. அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியில் மங்கலம் என்ற கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் கணக்குத் திறந்து, நாட்டிலேயே முதல் கிராமம் என்று பெயர் வாங்கினார்கள். 2012-ல் ரிசர்வ் வங்கி அதை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. 2014 ஆகஸ்ட் 28-ல் தொடங்கிய ஜன் தன் கணக்கும் இதே வகைதான். குறைந்தபட்ச இருப்பு கிடையாது, அதற்காக அபராதமும் கிடையாது. மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. மாமி கவுன்டரில் "கணக்கு வேண்டும்" என்று மட்டும் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குப் படிவத்தைத்தான் நீட்டுவார்கள். "அடிப்படைக் கணக்கு" அல்லது "ஜன் தன்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பான் கார்டு இல்லையென்றால் படிவம் 60 எழுதிக் கொடுத்தால் போதும். நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ பேருக்கு நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆதாரில் உள்ள பெயரிலேயே திறக்கலாம், ரேஷன் கார்டை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு ஆவணமும் இல்லாதவர்களுக்குக்கூட 'சிறு கணக்கு' என்று உண்டு. போட்டோவும் கைநாட்டும் போதும், ஆனால் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, ஒரு வருடத்துக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்ட வேண்டும். மாமிக்கு அது தேவைப்படாது.

முந்திரிக்கொத்து | சனி, இரவு 10.41

காசாளர் சார், கோபப்படக் கூடாது. ஒன்பது நாள் நூறு நூறாக ஒதுக்கினால் போதும் என்பது மாமிக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நமக்கு முன்னாடி அவரே ஆயிரம் தடவை அந்தக் கணக்கைப் போட்டிருப்பார். ஒதுக்கிய 600 ரூபாய் ஏழாம் நாள் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போயிருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் அம்மா விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலையில் முப்பது வருடம் பருப்பு உடைத்தவர். தோட்டில் இருந்து வரும் எண்ணெய் கையைத் தின்றுவிடும், சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். ரேகை என்று ஒன்று விரலில் மிச்சம் இல்லை. கணக்கு இருக்கிறது, அட்டை இருக்கிறது, விரல் வைத்தால் மட்டும் மெஷின் ஏற்றுக்கொள்வதில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "எனக்க விரலுக்கே என்னைத் தெரியல்ல" என்று சிரிப்பார். மீன்கார மாமிக்கும் உப்பும் ஐஸும் செதிளும் பட்டு அப்படித்தான் இருக்கும். கணக்குத் திறக்கும் முன்னே ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துவிடுங்கள். கண், முகம் வைத்தும் சரிபார்க்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள்.

தோவாளைப் பிச்சி | ஞாயிறு, காலை 6.20

பூ கட்டிக்கொண்டே படித்தேன். இந்த வங்கிப் பைத்தியம் எனக்குப் புரியவே இல்லை. எங்கள் தெருவில் இருபது பெண்கள் வாரச் சீட்டு போடுகிறோம். ஆளுக்கு 200, வாரம் ஒருவருக்கு 4,000. பதினோரு வருடத்தில் ஒரு பைசா போனதில்லை. யாருக்காவது அவசரம் என்றால் குலுக்கலை மாற்றி அவளுக்கே கொடுத்துவிடுவோம். எந்த வங்கி மேனேஜர் என் பெண் பெரியவளானதைக் கேட்டு முறையை மாற்றித் தருவார்?

கரையில் 900 கொடுக்கிறவனையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாலரை மணிக்கு அங்கே நிற்பவன் அவன்தான். படிவம் கேட்கவில்லை. மீன் நாறிப்போய் விற்காத நாளில் "நாளைக்குத் தா அக்கா" என்று சொல்லவும் சொல்வான். வங்கி திறப்பது பத்து மணி. அதற்குள் ஏலமும் முடிந்து மீனும் விற்றுப் போயிருக்கும்.

ஓய்வுபெற்ற காசாளர் | ஞாயிறு, காலை 8.15

தோவாளை அம்மா, நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதில் எனக்குப் பதில் இல்லை.

ஆனால் சீட்டு விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் இருபது பேரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், அதனால் நடக்கிறது. அதே சீட்டை நூறு பேரிடம், ஐந்து ஊரில் ஒருவர் பிடிக்கத் தொடங்கினால் 1982-ம் வருட சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவில்லாத சீட்டுக்காரர் ஒரு நாள் இரவு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

வங்கியைக் கண்டு பயப்படுவதற்கும் நம் பக்கத்தில் காரணம் உண்டு, அதையும் மறைக்கவில்லை. நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் கொல்லம் வங்கி மூழ்கியது, 1960-ல் பாலை சென்ட்ரல் வங்கி. பழைய ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தார்கள். அந்த 1960 அடிக்குப் பிறகுதான் 1962-ல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. இப்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் வாரச் சீட்டுக்கு அது கிடையாது.

தூத்தூர் கரை | ஞாயிறு, மதியம் 1.30

கரையில் நாலரை மணிக்கு யாரும் நிற்க முடியாது என்று யார் சொன்னது? மீனவர் சங்கங்கள் நின்றன.

என் அப்பா காலத்தில் தரகர்தான் எல்லாம். வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் கொடுப்பார், அதற்குப் பதில் மீன் முழுவதும் அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே போக வேண்டும். கடன் அடையவே அடையாது, அடையவும் விடமாட்டார். பிறகு கரைக்குக் கரை சங்கம் வந்தது. நம் மாவட்டத்திலும் கேரளத்திலும் உள்ள சங்கங்கள் சேர்ந்துதான் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. வள்ளம் கரை தொட்டதும் சங்கமே ஏலம் விடும். விற்ற பணத்தில் கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தருவார்கள். மீன் படாத நாளில் தவணையும் இல்லை. பட்ட நாளில் கூடுதலாகக் கழியும். மாதம் 5-ம் தேதி தவணை என்று சொல்லும் வங்கிக்காரருக்கு இது புரிய வைப்பது கஷ்டம். கடலில் 5-ம் தேதி என்று ஒன்று இல்லை.

குறை என்னவென்றால் சங்கம் வள்ளக்காரர்களுக்கு. அதே மீனை ஏலத்தில் எடுத்துத் தலையில் சுமக்கும் மாமிமாருக்கு அங்கே இடம் குறைவு. அவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுதான் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்தது.

இன்னொன்று. எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும், குஜராத் வரை போவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நிறைய வீடுகளில் கணக்கு அப்பன் பெயரில் மட்டும், வாரிசு நியமனக் கட்டம் காலி. மனிதரே திரும்பவில்லை, அவர் பெயரில் இருந்த சொற்பப் பணத்துக்கும் அலைந்தார்கள். மாமிக்குக் கணக்குத் திறக்கும்போது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வெளியே வராதீர்கள்.

திங்கள்சந்தை மினி பேங்க் | ஞாயிறு, இரவு 8.50

இந்த இழையில் என்னைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வங்கிக்கு முகவராக மினி பேங்க் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேஜை, ஒரு ரேகை மெஷின், அவ்வளவுதான் வங்கி. 2006-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாடு இது. ஆதார் எண்ணும் விரலும் இருந்தால் எந்த வங்கிக் கணக்கில் இருந்தும் ஒரு தடவைக்கு 10,000 வரை எடுத்துத் தர முடியும். காலை ஆறரைக்குத் திறப்பேன். கொத்தனார், சித்தாள், வடக்கில் இருந்து வந்து வேலை பார்க்கும் பையன்கள் எல்லாம் வேலைக்குப் போகும் முன்னே வருவார்கள். வங்கி நேரத்துக்கு நான் உட்கார்ந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

எங்கள் கஷ்டமும் கொஞ்சம் கேளுங்கள். 200 ரூபாய் எடுத்துக் கொடுத்தால் கமிஷன் ஒரு டீக்குக்கூட வராது. கையில் ரொக்கம் வைத்திருக்க என் சொந்தப் பணத்தைப் போட வேண்டும். உரிமைத்தொகை விழும் நாளில் வரிசை ரோடு வரை நிற்கும், மதியத்துக்குள் ரொக்கம் தீரும், பிறகு திட்டு வாங்குவது நான்.

எங்கள் தொழிலில் கள்ளர்களும் உண்டு. "விழல்ல, இன்னொரு தடவை வைங்க" என்று இரண்டு முறை பணம் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் விரல் வைத்த ஒவ்வொரு தடவைக்கும் ரசீதுச் சீட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள், "தோல்வி" என்றாலும் அதற்கும் சீட்டு உண்டு. பணம் எடுத்துத் தர உங்களிடம் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், தபால்காரரை மறந்துவிட்டீர்கள். 2018 செப்டம்பரில் இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி வந்த பிறகு அவரும் மெஷினோடுதான் வருகிறார். மாமி வீட்டுத் திண்ணையிலேயே வேலை முடியும். எனக்குப் போட்டிதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முந்திரிக்கொத்து | ஞாயிறு, இரவு 9.02

போட்டிக்காரரை சிபாரிசு செய்யும் வியாபாரியை இப்போதுதான் பார்க்கிறேன் அண்ணா.

மணவாளக்குறிச்சிக்காரன் | புதன், இரவு 8.30

சுவாரசியமான விஷயம் நடந்துவிட்டது. இன்று மாமி விற்று முடித்ததும் பன்னிரண்டரைக்கு ஒரு கிளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன் (முன்பு போனது அல்ல, வேறு). காசாளர் சார் சொன்ன மாதிரி "அடிப்படைக் கணக்கு, படிவம் 60" என்று மனப்பாடமாகச் சொன்னேன். கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரில் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "இவங்களுக்கு ஏற்கெனவே எங்க வங்கியில கணக்கு இருக்கே."

மாமி ஒரேயடியாக மறுத்தார். "நான் சத்தியமா தெறக்கல்ல மக்களே." பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. 2016-ல் 500, 1,000 நோட்டு செல்லாது என்றபோது கோயில் முற்றத்தில் முகாம் போட்டார்கள் (கடற்கரையில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்). கையில் இருந்த நாலு பழைய நோட்டை மாற்ற அங்கே கைநாட்டு வைத்திருக்கிறார். போட்டதை மறு மாதமே எடுத்துவிட்டார். பாஸ்புக் தகரப் பெட்டிக்குள் போனது, அவ்வளவுதான், மறந்தே போனார்.

இப்போது அது செயல்படாத கணக்கு. கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) புதுப்பிக்க வேண்டுமாம். ஆனால் உள்ளே பணம் இருக்கிறது என்கிறார்கள்! எவ்வளவு என்று பாஸ்புக் கொண்டுவந்தால் சொல்வார்களாம். மாமி போட்டதை எல்லாம் எடுத்துவிட்டாரே, அது எங்கிருந்து வந்தது?

ஓய்வுபெற்ற காசாளர் | புதன், இரவு 8.47

கொரோனா பணம்! 2020 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 வீதம் மத்திய அரசு போட்டது. வேறு எதுவும் வரவில்லையென்றால் 1,500-ம் அதன் வட்டியும் இருக்கும். செயல்படாத கணக்கு என்றாலும் சேமிப்பு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு வருடம் நாமாக ஒரு வரவோ செலவோ செய்யாவிட்டால் கணக்கு உறங்கப் போய்விடும். மறுபடி எழுப்ப ஒரு பைசா கட்டணம் கிடையாது, கேட்டால் மறுங்கள். பத்து வருடம் தொடாமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்தும் வங்கி மூலம் வாங்கலாம், ஆனால் வேலை இழுக்கும். 2016 கடைசி என்றால் மாமிக்குப் பத்து வருடம் நெருங்குகிறது. தள்ளிப்போடாதீர்கள்.

தோவாளைப் பிச்சி | புதன், இரவு 9.10

அப்படியென்றால் 900 ரூபாய்க்குத் தினமும் 100 கட்டிக்கொண்டிருந்த மாமியின் பெயரில் இத்தனை வருடமாக 1,500 ரூபாய் சும்மா கிடந்திருக்கிறது. ஒரு ஆள் வந்து சொல்லவில்லை. இதற்குப் பெயர்தான் எல்லோருக்கும் வங்கிச் சேவையா?

ஓய்வுபெற்ற காசாளர் | புதன், இரவு 9.31

முகாம் போட்ட நாளில் எத்தனை கணக்குத் திறந்தோம் என்று கேட்பார்கள். மறு வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் முகாமில் உட்கார்ந்தவன்தான். ஒரே நாளில் நூற்றுக்கு மேல் படிவம் போட்டதைப் பெருமையாக வீட்டில் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது.

மணவாளக்குறிச்சிக்காரன் | திங்கள், மதியம் 2.15

தாமதமாக எழுதுகிறேன், முடிந்தது. பாஸ்புக், ஆதார் நகல், போட்டோ கொண்டு போனோம். முந்திரிக்கொத்து சொன்னபடியே ரேகை நாலு தடவையும் விழவில்லை. நல்லவேளை, அந்த அம்மா சலிக்காமல் காகிதப் படிவத்தை எடுத்து, ஆதார் நகலில் கைநாட்டு வாங்கி, தானே நிரப்பினார். மூன்று வேலை நாளில் கணக்கு உயிர் பெற்றது. இருப்பு 1,700 சொச்சம்.

மாமி 1,000 எடுத்தார். மீதியைத் தொடவில்லை. "அது அங்கேயே கெடக்கட்டு. வீட்டுல வச்சா மவன் கண்ணுல படும். இந்தப் புக்கை உனக்க அம்மையிட்ட குடு" என்றார். கணக்கு எதற்கு என்று நாம் இங்கே இத்தனை நாள் பேசினோம், அவருக்கு அதன் முதல் பயன் மகன் கண்ணில் படாமல் இருப்பது. பாஸ்புக் இப்போது எங்கள் வீட்டு பீரோவில்.

அந்த 1,000 ரூபாயை வைத்து வெள்ளியும் சனியும் சொந்தக் காசில் ஏலம் எடுத்தார். இன்று மறுபடி 900 வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை பேத்திக்கு ஸ்கூல் நோட்டு, செருப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

முந்திரிக்கொத்து | திங்கள், மதியம் 2.40

இரண்டு நாள், 200 ரூபாய் மிச்சம். அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

திங்கள்சந்தை மினி பேங்க் | திங்கள், மாலை 6.05

மாமி விற்றுவிட்டு பஸ்ஸில் திங்கள்நகர் வழியாகப் போகும் நாளில் இறங்கச் சொல்லுங்கள். ஐம்பதோ நூறோ, எதுவானாலும் கணக்கில் போட்டு சீட்டு தருகிறேன். எடுக்கத்தான் ரேகைப் பாடு, போடுவதற்குக் கணக்கு எண் போதும். நெத்தோலி இருந்தால் எனக்கும் ஒரு கூறு.

ஓய்வுபெற்ற காசாளர் | திங்கள், இரவு 9.00

இரண்டு விஷயம் விட்டுப்போனது. வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது, 70 வயது வரை சேரலாம், மாமிக்கு உண்டு. 436 ரூபாய் ஆயுள் காப்பீடு 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், அதை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் விடாதீர்கள். ரூபே அட்டையோடு வரும் விபத்துக் காப்பீடு தனி. அதற்கு அட்டையை விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் அட்டைக்குப் பயன் இல்லை.

தூத்தூர்க்காரர் சொன்ன நியமனக் கட்டம் நிரப்பினீர்களா?

மணவாளக்குறிச்சிக்காரன் | திங்கள், இரவு 9.20

அங்கேதான் நிற்கிறது சார். மகன் பெயரைப் போடமாட்டேன், பேத்தி பெயர்தான் என்று பிடிவாதம். பேத்திக்குப் பதினொரு வயது. போடலாமா?

ஓய்வுபெற்ற காசாளர் | திங்கள், இரவு 9.26

தாராளமாகப் போடலாம். பதினெட்டு ஆகும் வரை அவள் சார்பில் பணம் பெற ஒரு பெரியவர் பெயரையும் அதே படிவத்தில் எழுத வேண்டும். 2025 நவம்பரில் இருந்து நான்கு பேர் வரை நியமிக்கலாம், எனவே பிற்பாடு மனம் மாறினாலும் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர் யார் என்று மாமியையே கேளுங்கள்.

மணவாளக்குறிச்சிக்காரன் | செவ்வாய், காலை 11.10

கேட்டேன். "உனக்க அம்மை" என்றார். அம்மா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார், படிவத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாராம்.